கொடியில் பதினைந்து பனியன்

மல்லசமுத்திரம்
பகுதானிய வருஷம், புரட்டாசி 5

மாப்பிள்ளை ராசப்பனுக்கு, உன் தாய்மாமன் அங்கமுத்து எழுதுவது.

இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னாடியே சொன்னேன். நீ சேலத்துக்கு மூட்டை கட்டின அன்றைக்கே உன் அம்மாவிடம், "அக்கா, மில்லு வாசல்லயே ஒருத்தன் இவனை மறிப்பான் பாரு" என்றேன். கண்ணாத்தாள் நம்பவில்லை. இப்போது உன் கார்டு வந்திருக்கிறது. வாசல்காரன் மறித்தான், பட்டியலில் பேர் இல்லை என்றான், மூன்று நாளாக வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாய். நான் சொன்னதில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்தாமல் இருந்திருந்தால் நான் இந்நேரம் ஜில்லாவுக்கே பஞ்சாங்கம் எழுதிக்கொண்டிருப்பேன்.

கலங்காதே. பட்டியல் எழுதினவன் குமாஸ்தா. உன்னைக் கூப்பிட்டது மானேஜர். நடந்ததை மறுபடி ஒரு தரம் சொல்கிறேன், அப்படியே வாசல்காரனிடம் சொல். ஆவணி மாசம், வாழப்பாடிச் சந்தை. மானேஜர் வீரபாகுவின் மோட்டார் கார் சேற்றில் இறங்கிவிட்டது. எட்டுப் பேர் தள்ளியும் அசையவில்லை. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கத்தைத் தூக்கிக் கரையில் வைத்தேன். அவர் அசந்துபோய், "எங்க மில்லு புட்பால் டீமுக்கு இப்படி ஒரு ஆளு வேணுமே" என்றார். "நானென்னங்க, என் அக்கா மகனைப் பாக்கோணும் நீங்க. கோல் போடறதுல அவனுக்கு ஜோடி கிடையாதுங்க" என்றேன். "புரட்டாசி ஒண்ணாந் தேதி அனுப்பி வையுங்க" என்று கையைப் பிடித்துச் சொன்னார். விளையாடுகிற நாளில் விளையாட்டு, மற்ற நாளில் மில்லில் வேலை, மாசமானால் சம்பளம். எல்லாம் அவர் வாயால் சொன்னது.

உனக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. கிணறு வற்றிவிட்டது. உன் அப்பா, என் மச்சான், தேயிலை மலைக்கு ஆள் சேர்க்கிற கங்காணியிடம் உன் பேரைச் சொல்லி வைத்திருக்கிறார். தீபாவளி நோம்பி வரைக்கும்தான் பொறுப்பாராம். அதற்குள் டீமில் பேர் ஏறாவிட்டால் மூன்று வருஷம் மலை. அங்கே போன உன் பெரியப்பன் மகன் காய்ச்சலோடு வந்து படுத்தவன் இன்னும் எழுந்திரிக்கவில்லை. அதனால் வாசலில் வெட்கப்பட்டு நிற்காதே. கூப்பிட்டு வந்தவன் மாதிரி நில்.

அங்கமுத்து

*

சேலம்
25-9-1938

அன்புள்ள மாமாவுக்கு,

உள்ளே விட்டுவிட்டார்கள். ஆனால் நான் எந்த வகையில் உள்ளே இருக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

இங்கே இரண்டு கூட்டம். கூப்பிட்டு வந்தவர்கள் பதினான்கு பேர். மெட்ராஸ், பெங்களூர்ப் பக்கம் விளையாடினவர்கள். மில்லே கடிதம் போட்டு வரவழைத்திருக்கிறது. அவர்களுக்குக் கொட்டகையில் கட்டில். கூப்பிடாமல் தாமாக வந்தவர்கள் முப்பத்தொரு பேர். மேச்சேரி, ஆத்தூர் என்று எங்கெங்கிருந்தோ வந்து மரத்தடியில் இருந்ததால் வேப்பமரத்துக்காரர்கள் என்று பேர் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை அவர்கள் எல்லாரையும் உள்ளே விட்டு ஆளுக்கு ஒரு பனியன் கொடுத்தார்கள். இரண்டு கூட்டமும் சேர்ந்து மோதி, கடைசியில் டீமுக்குப் பதினைந்து பேர்.

நான் நீங்கள் எழுதினபடியே, "மானேஜரு கூப்புட்டு வந்தேனுங்க" என்றேன். பயிற்சி கொடுப்பவர் நசுருல்லா, பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். அவர் சிரிக்கவில்லை, மானேஜரையே வரவழைத்துவிட்டார். மானேஜர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். "வாழப்பாடியா... ஆமாமா, ஞாபகம் வருது. மாமா நல்லா இருக்காரா? இவரு கோல் போடறவரு, முன்னால போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஹவில்தார் பட்டியலில் கடைசியில் பென்சிலால் என் பேரை எழுதி, பக்கத்தில் 'மா' என்று போட்டார். மானேஜர் சொன்ன ஆள் என்று அர்த்தமாம். பனியன் நம்பர் நாற்பத்தாறு. கூப்பிட்டவர்கள் தங்கள் கொட்டகையில் என்னைச் சேர்க்கவில்லை. வேப்பமரத்துக்காரர்கள், "நீங்க கூப்புட்டு வந்தவருங்க, எங்களோட படுக்கலாமுங்களா?" என்று கேலி செய்கிறார்கள். மேச்சேரிச் சரவணமுத்து என்று ஒருவர் மட்டும் பாயில் பாதி இடம் கொடுத்தார்.

ஆள் கழிக்கும் விதம் இப்படி. சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் பனியனைத் துவைத்துக் கொடுத்துவிட வேண்டும். ஞாயிறு காலையில் ஹவில்தார் கொடியில் காயப் போட்டிருப்பார். நம் நம்பர் கொடியில் இருந்தால் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஊருக்கு நடக்கலாம். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். இன்று கொடியில் முப்பத்தாறு. என்னுடையது இருந்தது.

மாமா, இரண்டு சந்தேகம். காய்ந்த ஏரியில் விளையாடும்போது நான் எப்போதும் பின்னால் நிற்கிறவன் என்று உங்களுக்குத் தெரியும். கோல் போடுகிறவன் என்று ஏன் சொன்னீர்கள்? நேற்று நான் உதைத்த பந்து மில் கூரைமேல் போய்விட்டது. இன்னொன்று, ஆவணியில் ஒரு சொட்டு மழை இல்லையே. கார் எந்தச் சேற்றில் இறங்கியது?

ராசப்பன்

*

மல்லசமுத்திரம்
புரட்டாசி 13

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை அக்காவுக்கு இரண்டு தடவை, டீக்கடையில் நாலு தடவை படித்துக் காட்டினேன். மானேஜருக்கு என்னை ஞாபகம் இருக்கிறது என்ற இடம் வரும்போதெல்லாம் கடைக்காரர் மணியன் என் முகத்தைப் பார்த்தார். ஆகட்டும்.

சேறு கேட்டாய். வாழப்பாடி கிழக்கே இருக்கிறது. அங்கே வானமே வேறே. அதோடு அது மழைச் சேறு என்று நான் எங்கே சொன்னேன்? மாடு தண்ணி குடிக்கிற தொட்டி உடைந்த சேறு.

கோல் போடுவது பெரிய வித்தை இல்லை. நான் உன் வயதில் சங்ககிரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்களோடு விளையாடினபோது கோல் கம்பத்தையே பந்தோடு சேர்த்துக் கொண்டுபோய் அந்தப் பக்கம் நட்டுவிட்டேன். கேப்டன் தொப்பியைக் கழற்றினார். பின்னால் நிற்கிறவனை எந்தப் பெரிய மனுஷன் கூப்பிடுவான்? அதனால்தான் முன்னால் என்றேன்.

உன் அப்பா தினமும் சாப்பிட உட்காரும்போது, "பேரு ஏறுச்சா?" என்கிறார். ஏறின மாதிரிதான் என்று சொல்லியிருக்கிறேன். கங்காணி தகரப் பெட்டியோடு ஒரு நாள் வந்து ஊட்டு வாசலில் நின்று போனான். அவனிடம், "எங்க மாப்பிள்ளை ஒரே ஆட்டத்துல ஏழு கோல் போட்டுட்டாருங்க, நீங்க வேற ஊட்டைப் பாருங்க" என்றேன். ஒரு வாய்வார்த்தைதான், மனசில் வைத்துக்கொள்ளாதே.

ஒன்று மட்டும் விவரமாக எழுது. மானேஜர் ஞாபகம் வருது என்றாரே, என்ன ஞாபகம் வருது என்றார்? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அங்கமுத்து

*

சேலம்
9-10-1938

அன்புள்ள மாமாவுக்கு,

போன வாரம் கொடியில் இருபத்தேழு, இன்று இருபது. என் பனியன் இன்றைக்கும் இருந்தது. ஆனால் கொடியின் கடைசியில், பாதி கம்பத்தின்மேல் கிடந்தது. அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா, காற்று தள்ளியதா என்று தெரியவில்லை. மூன்று வாரத்தில் ஒரு கோல் போடவில்லை.

திருச்செங்கோட்டு ஜவுளி வியாபாரி ஒருவர் மில்லுக்கு வந்தவர் மைதானத்துக்கே வந்து, "ஏழு கோல் போட்ட மல்லசமுத்திரத்துத் தம்பி ஆருங்க?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து எனக்கு ஏழுகோல் என்று பேர். பெங்களூர்க்காரர்கள்கூட அந்த இரண்டு வார்த்தையைத் தமிழில் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். மானேஜர் வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து ரொம்பப் பிரியமாகப் பேசினார். உங்களை நன்றாக ஞாபகம் இருக்கிறதாம். கறுப்புக் குடை வைத்திருந்தீர்களாம். மேச்சேரி ஆடு ஒன்றின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றீர்களாம். "என்ன ஒரு அடக்கமான மனுஷன், ரெண்டு வார்த்தைக்கு மேல பேசலை" என்றார். நான் காரைத் தூக்கினதைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "எனக்குக் காரு இல்லியே, நான் ஜட்காவுல போறவன்" என்றார்.

மாமா, நீங்கள் ஆடு பிடித்தீர்களா, கார் தூக்கினீர்களா? நீங்கள் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாமல் நின்றீர்கள் என்பதை என்னால் எண்ணிக்கூடப் பார்க்க முடியவில்லை.

வாசல்காரர் வேறு ஒன்று சொல்கிறார். "எங்க மானேஜரு ஆரையும் தெரியாதுன்னு சொல்லமாட்டாருங்க. சொன்னா எதிராளி மனசு நோகும்பாரு." அப்படியென்றால் இந்த ஞாபகம் எந்த மாதிரி ஞாபகம்? எனக்குத் தலை சுற்றுகிறது. நான் இருக்கும் இடமும் தெரியவில்லை, வந்த வழியும் தெரியவில்லை.

ராசப்பன்

*

மல்லசமுத்திரம்
புரட்டாசி 26

மாப்பிள்ளைக்கு,

இதில் குழம்ப என்ன இருக்கிறது? ஆடும் இருந்தது, காரும் இருந்தது. ஆடு காருக்குள் இருந்தது. கார் அவருடையது இல்லை என்றால் சிநேகிதருடையதாக இருக்கும், நான் லைசென்சா கேட்டேன்? குடை என்னுடையது பச்சை. நனைந்தால் கறுப்பாகத் தெரியும். மழை இல்லை என்று மறுபடி ஆரம்பிக்காதே, தொட்டித் தண்ணீர் பட்டது. அடக்கமான மனுஷன் என்றாரே, அதை மட்டும் நல்ல தாளில் எழுதி அனுப்பு. மணியனிடம் காட்ட வேண்டும்.

வேறு ஒன்று எழுத வேண்டும். எழுதாமல் இருக்கலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். செவலையையும் மயிலையையும் உன் அப்பா விற்றுவிட்டார். வற்றின கிணற்றுக்குக் கவலை இறைக்கிற மாடு எதற்கு என்கிறார். மேட்டூர்ப் பக்கத்து ஆள் ஓட்டிக்கொண்டு போனான். மயிலை ஊர் எல்லை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தது என்று எழுதினால் நான் சேர்த்து எழுதுகிறேன் என்பாய். அது பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டது. அக்கா அன்றைக்குச் சோறு எடுக்கவில்லை.

கங்காணி ஐப்பசி ஏழாந் தேதி ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறான். உன் அப்பா உனக்கு ஒரு கம்பளி வாங்கி வைத்திருக்கிறார். மலையில் குளிருமாம். அந்தக் கம்பளியைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டேன்.

ஒரு கோல் போடு மாப்பிள்ளை. ஏழு வேண்டாம்.

அங்கமுத்து

*

சேலம்
16-10-1938

அன்புள்ள மாமாவுக்கு,

இன்று காலை கொடியில் பதினைந்து பனியன். நாற்பத்தாறும் இருந்தது. சந்தோஷப்படாதீர்கள், முழுதும் படியுங்கள்.

வியாழக்கிழமை இரண்டு கூட்டத்துக்கும் ஆட்டம் வைத்தார்கள். நடுவில், பின்னால் நிற்கும் ஒருவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. ஹவில்தார் சலிப்போடு, "ஏய் ஏழுகோல், முன்னாலதான் ஒண்ணும் நடக்கலையே, போய் அங்க நில்லு" என்றார். பெங்களூர்க்காரர்களில் வேகமானவர் பந்தோடு நேராக என்மேல் வந்தார். இங்கே எல்லாரும் அந்த நேரத்தில் திரும்பிக்கொண்டு கோலைப் பார்த்து ஓடுவார்கள். அந்தத் திரும்புகிற நேரத்தில் அவர் தாண்டிவிடுவார். நான் திரும்பவில்லை. பந்தைப் பார்த்தபடியே பின்னால் ஓடினேன். அவர் வலப்பக்கம் போனால் நானும், இடப்பக்கம் போனால் நானும். அவர் குழம்பிப்போய்ப் பந்தை ஒரு விரற்கடை தள்ளி விட்டார், நான் எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு மூன்று தடவை அப்படி நடந்தது.

ஹவில்தார் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டார். "எங்க கத்துக்கிட்ட இதை?" என்றார். "கவலை ஓட்டுனேனுங்க" என்றேன். அவர் சேலம் டவுன்காரர், அது என்ன என்றார். சொன்னேன். தண்ணீர் மொண்ட சால் கிணற்றிலிருந்து மேலே வர மாடுகள் சரிவில் இறங்கும். திரும்பச் சால் கிணற்றுக்குள் போக, மாடுகளைப் பின்னாலேயே மேட்டுக்கு ஏற்ற வேண்டும். ஓட்டுகிறவன் அவற்றின் பின்னால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு தானும் பின்னால் நடக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் கிணறு, சுவர் கிடையாது. ஒரு நாளைக்கு இருநூறு தரம். எங்கே நிற்பது என்று திரும்பிப் பார்த்தால் மாடு மிரளும்.

"திரும்பியே பாக்கமாட்டியா?" என்றார்.

"பாத்தா உளுந்துருவேனுங்க" என்றேன்.

சாயங்காலம்வரைக்கும் என்னைப் பின்னால் ஓடவிட்டே பார்த்தார். கோல் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் ஒவ்வொரு தடவையும் நின்றேன்.

இதெல்லாம் நடந்தது. ஆனாலும் இன்று கொடியைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. சரவணமுத்துவின் பனியன் இல்லை. அவர் என்னைவிட நன்றாக விளையாடுகிறவர், இது நான் அடக்கத்துக்குச் சொல்வதில்லை. பாயைச் சுருட்டும்போது, "நீங்களாச்சும் கூப்புட்டு வந்தவருங்க. பேருக்குப் பக்கத்துல 'மா' இருக்குது. என் பேருக்குப் பக்கத்துல என்ன இருக்குதுங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பதினைந்து பேரில் வேப்பமரத்துக்காரர்கள் மூன்றே பேர். நான் அவர்களிலும் சேர்த்தி இல்லை. என் பனியன் கொடியில் தொங்கினது பின்னால் ஓடினதற்கா, உங்கள் முகத்துக்காகவா? இரவல் வாங்கின இடத்தில் எப்படி உட்கார்ந்திருப்பது? ஹவில்தாரிடம் சொல்லி என் பேரை அடித்துச் சரவணமுத்துவைப் போடச் சொல்லலாம் என்று இருக்கிறேன். அவரை மூன்று நாள் இங்கேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன். கங்காணியோடு போனால் போகிறேன், மலை ஏறப்போவது என் கால்தான். பட்டியல் புதன்கிழமை காலையில் மையில் எழுதி ஆபீசுக்குப் போகும். அதுவரைக்கும் உங்கள் கடிதத்துக்குக் காத்திருப்பேன்.

மானேஜர் முதல் ஆட்டத்துக்கு உங்களை வரச் சொன்னார். பக்கத்து நாற்காலியில் உட்காரவைப்பாராம். ஆடு சுகமா என்று கேட்டார்.

ராசப்பன்

*

மல்லசமுத்திரம்
ஐப்பசி 2, செவ்வாய், காலை

ராசப்பா,

தபாலில் போட்டால் நாளைக்குள் வராது. திருச்செங்கோட்டுக்கு நடந்து போய்ச் சேலம் பஸ் கண்டக்டர் கையில் இதைக் கொடுக்கப்போகிறேன். மில் வாசலில் கொடுக்கச் சொல்லி அவரிடம் சத்தியம் வாங்கிக்கொள்வேன். நீ இதைப் படித்துவிட்டு, அப்புறம் யாரிடம் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்.

ஆவணிக் கடைசியில் ஒரு மத்தியானம் நான் உங்கள் ஊட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். உன் அப்பாவும் கங்காணியும் வெளியே பேசிக்கொண்டிருந்தார்கள். சேலம் மில்லில் மானேஜர் வீரபாகு டீமுக்கு ஆள் எடுக்கிறார் என்று டீக்கடையில் யாரோ படித்த பேப்பரில் கேட்டிருந்தேன். உள்ளே வந்த மச்சானிடம், மாப்பிள்ளையை அனுப்பிப் பார்க்கலாமே என்றேன். அவர், "ஆரோ பெரிய மனுசன் வான்னு கூப்புட்டா அனுப்பலாம். கூப்புடாத எடத்துக்கு எம்மவன் போயி நிக்கறதா?" என்றார். அக்கா சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்கு வேறே எதுவும் தோன்றவில்லை. மூலையில் புளி மூட்டை ஒன்று கிடந்தது. அதன்மேல் வாழப்பாடி என்று எழுதியிருந்தது.

இனி நான் சொல்வதை நிதானமாகக் கேள். என் பேச்சால் உனக்கு என்ன கிடைத்தது என்று நேற்று ராத்திரி முழுக்க விரல் விட்டுப் பார்த்தேன். வாசல் திறந்ததா? உன்னோடு முப்பத்தொரு பேருக்கும் அன்றைக்கே திறந்தது. பனியன்? எல்லாருக்கும் கொடுத்தார்கள். கட்டில் கிடைத்ததா? இல்லை. கிடைத்தது, மூன்று வாரம் தப்பான இடத்தில் நின்று கூரைமேல் பந்து உதைத்ததும், ஏழுகோல் என்கிற பேரும்தான். சரவணமுத்துவையாவது அவர் நிற்கிற இடத்தில் நிற்கவிட்டுப் பார்த்தார்கள். உன்னை அதற்கும் விடாமல் நான் மறித்துக்கொண்டிருந்தேன். வாசல்காரன் மறிப்பான் என்று அக்காவிடம் சொன்னேனே, அவனைவிட நான்தான் அதிகம் மறித்திருக்கிறேன். கணுக்கால் பிசகின அந்தப் புண்ணியவானுக்கு அக்கா மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

முகத்துக்காகவா என்று கேட்டாயே. ஹவில்தார் என் முகத்தைப் பார்த்ததில்லை. மானேஜரும் பார்த்ததில்லை. ஆடு பிடித்தவர் யாரோ. வீரபாகு நல்ல மனுஷர், யாரையும் நோகடிக்காமல் இருக்கத் தாமே ஞாபகப்படுத்திக்கொள்கிறவர். அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில் நடுவில் எனக்கே ஒரு சந்தேகம் வந்து, நான் ஆடு பிடித்தேனோ என்று இரண்டு நாள் யோசித்தேன். அவரை எப்படிக் காப்பாற்றுவது என்பதை அப்புறம் பார்க்கலாம். சரவணமுத்துவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. எனக்கு வெட்கம் இல்லை. இருக்கிறது, இருந்தாலும் காட்டு. உன் பேருக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த 'மா' வெறும் பென்சில் கோடு. ஹவில்தாரிடம் சொல்லி அழித்துவிட்டு, மீதியை மையில் எழுதச் சொல். அப்புறமும் அவர் உன் பேரை வைத்திருந்தால் அது உன் இடம். அடித்துவிட்டால் நான் கங்காணியோடு போகிறேன். கம்பளி எனக்கும் பொருந்தும்.

நான் எழுதினதில் மற்றதெல்லாம் நிஜம். சங்ககிரியும் நிஜம், குடையும் பச்சைதான். கூப்பிட்டார்கள் என்றேனே, அது மட்டும் கட்டினது. உன்னை யாரும் கூப்பிடவில்லை, ராசப்பா. நீயும் வேப்பமரத்துக்காரன்தான். நான் வாழப்பாடிச் சந்தைக்குப் போனதே இல்லை.

அங்கமுத்து